மறுத்த வாக்குமூலம்: எந்தச் சொல்லை நம்புவது?

"கைதானவர் போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்" என்ற தலைப்பு இல்லாமல் தமிழ் நாளிதழ்கள் வெளிவரும் நாட்கள் குறைவு. கொலைக்கு என்ன காரணம், எந்த ஆயுதம், உடலை எங்கே வீசினார் என்பதெல்லாம் கைதானவரே எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோலப் பத்தி பத்தியாக அச்சாகும். சில ஆண்டுகள் கழித்து அதே வழக்கு விசாரணைக்கு வரும்போது, "நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று அவர் நீதிபதியிடம் சொல்வார். அது உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக, "கோர்ட்டில் பல்டி" என்ற தலைப்போடு முடிந்துபோகும். இரண்டையும் படிப்பவர் மனத்தில் ஒரு கணக்கு தானாகவே உருவாகிவிடுகிறது: முதலில் சொன்னது உண்மை, பிறகு சொன்னது வக்கீல் சொல்லிக்கொடுத்தது. இந்தக் கணக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசும்போது, எது முந்தியது, எது பிந்தியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றையும் சொன்ன நேரத்தில் அவர் யாருடைய பிடியில் இருந்தார், சொல்ல மறுத்திருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தால்தான் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரியும்.

இந்தியச் சட்டம் இந்தக் கேள்வியை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டது. காவல் துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தனது 25-ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமும் 23-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. நாளிதழில் பத்தி பத்தியாக வந்த அந்த 'பரபரப்பு வாக்குமூலம்' நீதிபதி பார்ப்பதற்கே தகுதியற்றது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தத் தடைக்குப் பின்னால் உள்ள வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி நம் மண்ணில் நடந்தது. 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து, சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். ஏறத்தாழ 2,000 புகார்கள் வந்து குவிந்தன. நிலவரி வசூலிக்கவும், குற்ற வழக்குகளில் ஒப்புதல் வாங்கவும் கீழ்நிலை ஊழியர்கள் வதைத்தது வழக்கமாகவே நடந்தது என்று 1855-இல் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுதல், கழுத்தைக் காலோடு சேர்த்துக் கட்டிக் குனிய வைத்தல் என்று வதை முறைகளின் பட்டியலே அதில் இருக்கிறது. 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்தியாவில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி எழுதியபோது ஆதாரமாகக் கொண்டது இத்தகைய ஆவணங்களைத்தான். சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஜேம்ஸ் ஸ்டீஃபனும், வெயிலில் அலைந்து தடயம் தேடுவதற்குப் பதில் நிழலிலேயே வேலையை முடித்துக்கொள்ள விரும்பும் போலீசாரைப் பற்றி ஓர் அதிகாரி தன்னிடம் சொன்னதைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ஆக, 25-ஆம் பிரிவு குற்றவாளிகள் மேல் கொண்ட இரக்கத்தால் பிறந்ததல்ல. ஒப்புதல் எளிதில் கிடைக்கும் இடத்தில் உண்மையைத் தேடும் வேலை நின்றுபோகிறது என்ற நடைமுறை அறிவே அதற்குக் காரணம்.

சட்டம் ஒப்புதலை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இல்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் அளிக்கும் வாக்குமூலத்தை ஏற்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவாக நெடுங்காலம் அறியப்பட்ட இந்த ஏற்பாடு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 183-ஆம் பிரிவாகியிருக்கிறது. வாக்குமூலம் தரவேண்டிய கட்டாயம் உமக்கு இல்லை, தந்தால் அது உமக்கு எதிராகப் பயன்படலாம் என்று மாஜிஸ்திரேட் முதலில் எச்சரிக்க வேண்டும். தானாக முன்வந்துதான் சொல்கிறாரா என்று கேள்விகள் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்று அவர் பின்வாங்கினால், அவரை மறுபடியும் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. போலீஸ் பிடியிலிருந்து விலகி நிதானமாக யோசிக்க அவருக்குக் குறைந்தது 24 மணி நேரமாவது தர வேண்டும் என்று 1957-இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இவ்வளவையும் கடந்து தந்த வாக்குமூலத்தைக்கூட ஒருவர் பின்னர் மறுத்தால், வேறு சான்றுகள் அதற்குத் துணை நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே தண்டிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் கடைப்பிடித்துவரும் நெறி. சுருங்கச் சொன்னால், மறுத்தது என்பதற்காகவே சட்டம் ஒரு வாக்குமூலத்தைத் தூக்கி எறிவதுமில்லை, முதலில் சொன்னது என்பதற்காகவே அதை நம்பிவிடுவதுமில்லை.

இதைக் கேட்டவுடன் சாதாரண மனிதர் ஒருவருக்கு எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. செய்யாத கொலையைச் செய்தேன் என்று எவராவது சொல்வார்களா? தூக்குக் கயிறு காத்திருக்கிறது என்று தெரிந்தும் சொல்வார்களா? இதற்கு ஜப்பானின் இவாவோ ஹகமடா வழக்கைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. முன்னாள் குத்துச்சண்டை வீரரான அவர் ஷிஸுவோகா மாகாணத்தில் சோயா விழுது தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். 1966 ஜூனில் அந்த ஆலையின் நிர்வாகியும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் கைதான ஹகமடா தொடர்ந்து மறுத்தார். நாளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் என்ற கணக்கில் விசாரணை நீண்டது. வழக்கறிஞர் அருகில் இல்லாமலே மூன்று வாரம் ஓடியபோது ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டே நீதிமன்றத்தில் அதை மறுத்தார். போலீசார் எழுதி வாங்கியிருந்த 45 வாக்குமூலங்களில் 44 தானாக முன்வந்து தந்தவையல்ல என்று நீதிமன்றமே தள்ளுபடி செய்தது. மிஞ்சிய ஒன்றை ஏற்று 1968-இல் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2014-இல் மறுவிசாரணைக்கு உத்தரவாகி வெளியே வரும்வரை, கைதான நாளிலிருந்து ஏறத்தாழ 48 ஆண்டுகள் அவர் சிறையில் இருந்தார். உலகிலேயே மிக நீண்ட காலம் மரண தண்டனைக் கைதியாக இருந்தவர் என்று கின்னஸ் பதிவேடு அவரைக் குறித்துவைத்தது. 2024 செப்டம்பர் 26 அன்று, அவருடைய 88-ஆம் வயதில், ஷிஸுவோகா நீதிமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது. புலனாய்வாளர்கள் சான்றுகளை இட்டுக்கட்டினார்கள் என்றும், மனிதத்தன்மையற்ற விசாரணையில் பெற்ற வாக்குமூலமும் அந்த இட்டுக்கட்டலில் சேரும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 1966-இல் அவர் நீதிபதியிடம் சொன்ன மறுப்பு உண்மை என்று ஏற்க ஜப்பானிய நீதித்துறைக்கு 58 ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஹகமடாவை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் தண்டனை பெற்று, பின்னர் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபணமான 375 பேரின் வழக்குகளை இன்னசென்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு தொகுத்திருக்கிறது. அவற்றில் ஏறத்தாழ 29 சதவீத வழக்குகளில் பொய்யான ஒப்புதல் இருந்தது. மரபணு பொய் சொல்லாது, ஆனால் இவர்கள் தமக்கு எதிராகவே பொய் சொல்லியிருந்தார்கள். காரணம் புரியாததல்ல. களைத்துப்போன மனிதருக்குத் தூக்குமேடை எங்கோ தொலைவில் இருக்கிறது. எதிரில் இருக்கும் அறையும் அடியும் தூக்கமின்மையும் இந்த நொடியில் இருக்கின்றன. இப்போது கையெழுத்துப் போட்டால் இது முடிந்துவிடும், நான் குற்றமற்றவன் என்பது நீதிமன்றத்தில் எப்படியும் தெரிந்துவிடும் என்று குற்றமற்றவர்தான் நம்புகிறார். உண்மையில் கொலை செய்தவருக்கு அந்த நம்பிக்கை இருக்க வழியில்லை. அடி உதை இல்லாமலேகூட இது நடக்கும் என்பதை உளவியலாளர் சால் காசின் 1996-இல் ஒரு சோதனையில் காட்டினார். கணினியில் தட்டச்சு செய்யும் மாணவர்களிடம் குறிப்பிட்ட ஒரு விசையைத் தொடவேண்டாம் என்று சொல்லிவைத்தார்கள். யாரும் தொடாதபோதே கணினி செயலிழந்தது. நீதான் தொட்டாய் என்று குற்றம் சாட்டியபோது மொத்தத்தில் 69 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். நீ தொட்டதைப் பார்த்தேன் என்று ஒரு பொய்ச் சாட்சியைச் சேர்த்து, வேலையின் வேகத்தையும் கூட்டியபோது ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்திட்டார்கள். ஒரு சோதனைச் சாலையில் நேரும் தர்மசங்கடத்தையும் கொலை வழக்கையும் சமமாக வைக்க முடியாதுதான். ஆனால் அங்கே ஓர் ஆய்வாளரின் குற்றச்சாட்டே இவ்வளவு செய்யும் என்றால், காவல் நிலையத்தின் பின்னறை எவ்வளவு செய்யும் என்று கணிப்பது கடினமல்ல.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. கொலையாளிக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரங்களைச் சொல்லியிருக்கிறாரே, அது எப்படி? கொலையாளியைத் தவிர அந்த விவரங்கள் தெரிந்த இன்னொரு தரப்பு உண்டு என்பதை இந்தக் கேள்வி மறந்துவிடுகிறது. சம்பவ இடத்தை ஆராய்ந்த போலீசாருக்கும் அவை தெரியும். கேள்விகளின் வழியாகவே பதில் கைதானவரின் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1989-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த பெண் ஒருவர் தாக்கப்பட்ட வழக்கில் 14 முதல் 16 வயதுக்குட்பட்ட ஐந்து சிறுவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நால்வர் ஒப்புக்கொண்டது வீடியோவிலும் பதிவானது. சில வாரங்களில் மறுத்தார்கள். மரபணு யாருக்கும் பொருந்தவில்லை, ஒருவர் சொன்ன இடமும் நேரமும் மற்றவர் சொன்னதோடு ஒத்துவரவில்லை. ஆனாலும் 1990-இல் தண்டிக்கப்பட்டார்கள். 2002-இல் வேறொரு கைதி தானே அதைச் செய்ததாகச் சொன்னபோது மரபணு அவருக்குப் பொருந்தியது, தீர்ப்புகள் ரத்தாயின. அங்கே வீடியோ எடுத்தது கடைசிக் கட்டத்தை மட்டுமே. அதற்கு முந்தைய பல மணி நேரத்தில் நடந்த எதற்கும் பதிவு இல்லை. ஹகமடா வழக்கில் அவர் இரவு உடை அணிந்தபடி கொலை செய்ததாக வாக்குமூலம் சொன்னது. ஓராண்டுக்குப் பிறகு ஆலையின் தொட்டியிலிருந்து ரத்தக்கறை படிந்த வேறு உடைகள் கிடைத்ததாகப் போலீஸ் சொன்னதும், அரசுத் தரப்பு கதையை மாற்றிக்கொண்டது. மறுத்தவரைச் சந்தேகித்த நீதிமன்றம், கதையை மாற்றிய அரசுத் தரப்பைச் சந்தேகிக்கவில்லை.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் நுழைய ஒரு வாசல் சட்டத்திலேயே இருக்கிறது. காவலில் இருப்பவர் தரும் தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் சான்றாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. புதருக்குள் கிடந்த அரிவாளை அவரே எடுத்துக் கொடுத்தார் என்றால் அவர் அந்த இடத்தை அறிந்திருந்தார் என்பது இதன் தர்க்கம். அரிவாள் முன்பே காவல் நிலையத்துக்கு வந்துவிட்டிருந்தால் இந்தத் தர்க்கம் அப்படியே உடைந்துபோகும். அதனால்தான் கண்டெடுக்கும்போது உடனிருந்த சாட்சிகள் யார், அவர்கள் உண்மையிலேயே அங்கே இருந்தார்களா என்று நீதிமன்றங்கள் துருவிப் பார்க்கின்றன.

சரி, உண்மையாகவே அடித்து வாங்கியிருந்தால் உடனே சொல்லியிருக்கலாமே, வக்கீலைப் பார்த்த பிறகுதானே மறுக்கிறார் என்பார்கள். கால வரிசையைக் கவனித்தால் இந்த ஆட்சேபமே மறுப்புக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது. கைதானவர் வக்கீலைப் பார்ப்பதற்கு முன் யாரிடம் மறுக்க முடியும்? மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும்போது அவரை அழைத்துவந்த அதே போலீசார் வாசலில் நிற்கிறார்கள். போலீஸ் காவல் முடிந்து சிறைக்குப் போன பிறகு, தன் பக்கம் நிற்கும் ஒருவரோடு முதல்முறையாகத் தனியே பேசும்போதுதான் வாய் திறக்கும் தைரியம் வருகிறது. வக்கீலைப் பார்த்த பிறகு மறுத்தார் என்றால், பயமில்லாமல் பேச முடிந்த முதல் வாய்ப்பிலேயே மறுத்தார் என்றும் பொருள். இதை வைத்து எல்லா மறுப்பும் உண்மை என்று சொல்லிவிட முடியாது. உண்மையில் குற்றம் செய்தவரும் தண்டனைக்குப் பயந்து மறுப்பார். ஆனால் எப்போது மறுத்தார் என்பதை மட்டும் வைத்து அவரைப் பொய்யர் என்று முத்திரை குத்த இடமில்லை.

பயங்கரவாத வழக்குகள் வேறு, அங்கே சாட்சிகள் கிடைக்கமாட்டார்கள், எனவே விதிகளைத் தளர்த்தத்தான் வேண்டும் என்ற வாதத்தில் பிறந்தது தடா சட்டம். அதன் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. 1994-இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. மறு ஆண்டே தடா காலாவதியானாலும், அதன் விளைவைத் தமிழ்நாடு மிக அருகிலிருந்து பார்த்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது, நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தடா சட்டத்தின்படியான பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடா சட்டத்தின்படி பெற்ற வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. அவர்கள் அவற்றைப் பின்னர் மறுத்திருந்தும் நிலைமை மாறவில்லை. 19 வயதில் கைதான பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, குண்டில் பயன்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை அவர் வாங்கிக் கொடுத்தார் என்பது. 2013-இல் திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ கண்காணிப்பாளர் தியாகராஜனே, பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தார்.

இங்கே ஒரு நேர்மை தேவை. 2022 மே 18 அன்று பேரறிவாளனை விடுவித்தபோது உச்ச நீதிமன்றம் அவரை நிரபராதி என்று சொல்லவில்லை. தமிழ்நாடு அமைச்சரவை 2018-இல் செய்த பரிந்துரையின் மீது ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்தது சரியல்ல என்ற அடிப்படையில் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி விடுவித்தது. ஆனாலும் வாக்குமூலத்தைப் பற்றிய பாடம் அப்படியே நிற்கிறது. கைதானவர் பேசினார், எழுதியது அதிகாரி. ஒரு வாக்கியத்தின் பிற்பாதியை விட்டுவிட்டால் தெரியாமல் உதவியவர் சதிகாரராகிவிடுவார் என்பதை அந்த அதிகாரியே ஒப்புக்கொண்டுவிட்டார். தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு வாக்குமூலத்தை ஒலிநாடாவிலும் பதிவு செய்யலாம் என்று அனுமதித்திருந்தது. அப்படிச் செய்திருந்தால் யார் என்ன சொன்னார் என்று 22 ஆண்டுகள் கழித்து விவாதிக்க வேண்டியதே இருந்திருக்காது.

இலங்கையில் 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருபடி மேலே போனது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அதன் 16-ஆம் பிரிவு ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையைக் கைதானவர் தலையிலேயே வைத்தது. 1993-இல் மட்டக்களப்புப் பகுதியில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழர் ஒருவரின் வழக்கு இதற்குச் சான்று. தமக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைக்கச் செய்தார்கள் என்றார் அவர். அவர் உடலில் தழும்புகள் இருப்பதை மருத்துவ அறிக்கை காட்டியும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1995-இல் கொழும்பு உயர் நீதிமன்றம் விதித்த 50 ஆண்டுச் சிறை மேல்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. சித்திரவதையை நிரூபிக்க வேண்டியவர் கைதிதான் என்று சட்டம் கேட்பதே நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுகிறது என்று 2004-இல் ஐநா மனித உரிமைக் குழு முடிவு செய்தது. மூடிய அறையில் நடந்ததற்குச் சாட்சி கொண்டுவா என்று அந்த அறையில் தனியாக இருந்தவரைக் கேட்பது, அவருடைய மறுப்பைக் கேட்காமலே நிராகரிப்பதற்குச் சமம்.

இவ்வளவும் கைதானவர்களுக்குச் சாதகமான வாதம்போலத் தோன்றலாம். பிறழ் சாட்சிகளின் கதை என்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். மறுப்பை மதிக்க வேண்டும் என்றால், பணத்துக்கும் மிரட்டலுக்கும் பணிந்து நீதிமன்றத்தில் மாற்றிப் பேசும் சாட்சியையும் மதிக்க வேண்டியதுதானா? இல்லை. அதே உரைகல் இங்கே எதிர்ப்பக்கத்துக்குத் தீர்ப்பளிக்கிறது. 2002 மார்ச்சில் வடோதராவின் பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கில் முக்கியச் சாட்சிகள் பிறழ்ந்ததால் 2003-இல் 21 பேரும் விடுதலையானார்கள். மிரட்டப்பட்டோம் என்று பின்னர் வெளியே வந்த செய்திகளைத் தொடர்ந்து, 2004-இல் உச்ச நீதிமன்றம் குஜராத்துக்கு வெளியே மும்பையில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அங்கே 2006-இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஊரும் சூழலும் மாறியதும் முடிவு மாறியது. நாமக்கல் மாவட்டத்தில் கோகுல்ராஜ் என்ற இளைஞர் சாதிக் காரணத்தால் கொல்லப்பட்ட வழக்கில், 2015-இல் திருச்செங்கோடு கோயிலில் அவரோடு இருந்த தோழி, மாஜிஸ்திரேட்டிடம் தந்த வாக்குமூலத்திலிருந்து நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கோயிலின் சிசிடிவி காட்சியில் இருப்பது தான் அல்ல என்றுகூடச் சொன்னார். ஆனாலும் 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தீர்ப்பைப் பெருமளவு உறுதி செய்தது. அந்த வழக்கு ஒருவருடைய சொல்லை மட்டும் நம்பி நிற்கவில்லை, கேமராப் பதிவும் பிற சான்றுகளும் அதைத் தாங்கின. கைதியிடம் போலீசுக்கு இருக்கும் அதே பிடி, கிராமத்துச் சாட்சியிடம் சாதிக்கும் பணத்துக்கும் இருக்கிறது. அடித்து வாங்கிய ஒப்புதலும் மிரட்டி வாங்கிய மறுப்பும் ஒரே நோயின் இரு வடிவங்கள். சான்று தேடும் உழைப்பைக் குறைத்துக்கொண்டு மனிதர்களின் வாயை மட்டும் நம்பும் விசாரணை இரண்டையும் வளர்க்கிறது.

நீதிமன்றத்துக்கு வெளியேயும் இந்த உரைகல் வேலை செய்கிறது. 1633-இல் ரோமில் மண்டியிட்டு, பூமி சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடுவதாகக் கலிலியோ வாசித்ததை இன்று யாரும் அறிவியல் முடிவாகக் கொள்வதில்லை. 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிரான கிளர்ச்சியின்போது, நாமக்கல்லில் வருவாய் அதிகாரி நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தையில், நூலின் பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகப் பெருமாள்முருகன் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. தன் கையெழுத்தில் ஒப்புக்கொண்டாரே என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. ஊர் திரண்டு எதிர்க்க, அரசு அதிகாரி முன்னிலையில் இட்ட கையெழுத்தை ஒரு மனிதரின் மனமாற்றமாகக் கொள்ள முடியாது என்பதே இதன் சாரம். யாரும் நெருக்காதபோது, தனக்கே இழப்பாக ஒருவர் தன் பழைய சொல்லைத் திரும்பப் பெற்றால் அதற்குத் தனி எடை உண்டு. ஹகமடாவுக்கு மரண தண்டனை எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவரான நோரிமிச்சி குமாமோத்தோ, அவர் குற்றமற்றவர் என்றே தான் அப்போது நம்பியதாகவும், மற்ற இருவரின் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டதாகவும் 2007-இல் பகிரங்கமாகச் சொன்னார். அதனால் அவருக்குக் கிடைத்த லாபம் ஏதுமில்லை. தியாகராஜன் சொன்னதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

லாபம், இழப்பு என்ற அளவையும் முழுமையானதல்ல என்று கடைசியாக ஓர் ஆட்சேபம் எழலாம். விளம்பரத்துக்காகவும் மாற்றிப் பேசுவோர் உண்டு, பழிவாங்கவும் மாற்றிப் பேசுவோர் உண்டு. உண்மைதான். அதனாலேயே சொல்லை வைத்து மட்டும் எந்த வழக்கையும் முடிக்கக் கூடாது என்கிறோம். யாருடைய பிடியில் பேசினார் என்ற கேள்வி, எந்தச் சொல்லை எவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்பதைத்தான் காட்டும். உண்மையை நிறுவ வேண்டியவை தடயமும் ஆவணமும் பதிவும்.

இதற்குச் செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் வதைக்கப்பட்டு உயிரிழந்தபோது, அங்கிருந்த கேமராப் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். பதிவு அழியும் கேமரா இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலத்தை வழக்கறிஞர் முன்னிலையில் ஒலி, ஒளிப் பதிவு செய்ய இன்றைய சட்டம் அனுமதிக்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை. கைதானவர் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்கச் சட்டம் இடம் தரவில்லை. சாட்சிகளைக் காக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டம், சிற்றூர்ச் சாட்சியின் வீட்டு வாசல்வரை போய்ச் சேர வேண்டும். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கடுமையான வழக்குகளில் விசாரணையின் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை வெட்டாமல் பதிவு செய்து, அதைக் குற்றப்பத்திரிகையோடு நீதிமன்றத்தில் ஒப்படைக்குமாறு தன் காவல் துறைக்கு உத்தரவிட மாநில அரசுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. நாடாளுமன்றத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை. தமிழ்நாடு அரசு ஓர் அரசாணையில் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.